சித்திரம் பேசுவிக்குமா? சிறுவர்களின் அரபிப் பேச்சுப் பயிற்சி பற்றி ஓர் ஆய்வு

தமிழ் முஸ்லிம் குடும்பங்களில் பிறக்கும் குழந்தை, தாய்மொழியின் அகரத்தை எழுதிப் பழகும் வயதிலேயே, சில வேளைகளில் அதற்கும் முன்னரே, அரபியின் அலிஃபைக் கூட்டிப் படிக்கத் தொடங்கிவிடுகிறது என்பதும், பத்துப் பன்னிரண்டு வயதிற்குள் திருக்குர்ஆன் முழுவதையும் பார்த்து ஓதி முடித்துவிடும் பிள்ளைகள் நம்மிடையே ஏராளம் என்பதும் யாவரும் அறிந்த விஷயங்கள். அப்படி ஓதி முடித்த பிள்ளையிடம் அரபு தேசத்தார் ஒருவர் வந்து, உன் பெயர் என்ன, உன் வீடு எங்கே இருக்கிறது, இன்று காலையில் என்ன சாப்பிட்டாய் என்று தம் பாஷையில் விசாரித்தாரேயானால், அந்தப் பிள்ளை பெரும்பாலும் திகைத்துத்தான் நிற்கும். இதைச் சொல்லி, குர்ஆன் ஓதக் கற்பிக்கும் மக்தபுகளைப் பரிகாசம் செய்வோர் உண்டு; அது நியாயமன்று. ஓதுவதற்காக ஏற்பட்ட இடத்தில் ஓதல் நன்றாக நடக்கிறது. பேச்சு அங்கே ஒருநாளும் லட்சியமாக இருந்ததில்லை. கீழக்கரையில் வாழ்ந்து 1898-ல் மறைந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் போன்ற மகா பண்டிதர்கள் அரபியில் கவி பாடவும், தமிழை அரபி லிபியில் எழுதி அர்வி என்னும் தனி இலக்கிய மரபையே வளர்க்கவும் வல்லவர்களாய் இருந்தபோதிலும், சாமானிய வீட்டுச் சிறுவனுக்கு அரபி என்பது செவியாலும் நாவாலும் பூஜிக்கப்படும் ஒரு புனித ஒலியாகவே நூற்றாண்டுக் கணக்கில் இருந்து வந்தது.

பேச்சும் வேண்டும் என்னும் விருப்பம் இப்போது எழுந்திருப்பதற்குக் காரணம் ஒன்றல்ல. வளைகுடா நாடுகளில் பிழைக்கப் போன தகப்பனார்கள், அங்கே வேலைத்தலத்தில் பொறுக்கிக்கொண்ட உடைந்த அரபியால் பட்ட சங்கடங்களைத் தம் பிள்ளைகள் படலாகாது என்று எண்ணுகிறார்கள். பிள்ளைகள் தாம் ஓதுவதன் பொருளைத் தாமே உணர வேண்டும் என்ற பக்தி மேலீட்டால் சில பெற்றோர் விரும்புகிறார்கள். ஒரு பாஷையைக் கற்றால் அதில் பேசத் தெரிய வேண்டாமா என்ற சாதாரண அறிவே சிலருக்குப் போதுமானதாக இருக்கிறது. காரணம் எதுவாயினும், ஆறு முதல் பத்து வயது வரையுள்ள குழந்தைக்கு அரபி பேசக் கற்பிப்பது எப்படி என்ற கேள்வி வந்தவுடன், படங்களைக் காட்டிக் கற்பிக்கலாம் என்ற பதிலும் உடனே வந்துவிடுகிறது. அந்தப் பதில் எவ்வளவு தூரம் சரி என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் கருத்து.

இந்தக் கேள்வி மும்பையில் எழும்போது அதற்கு ஒரு விசேஷச் சிக்கல் சேர்ந்துகொள்கிறது. தோல் பதனிடும் தொழிலைப் பற்றிக்கொண்டு திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவிக்கு வந்த தமிழ் முஸ்லிம்கள் 1887-ல் அங்கே எழுப்பிய பள்ளிவாசல், 'படீ மஸ்ஜித்' என்ற பெயரோடு இன்றும் நிற்கிறது. நம் ஊராகிய ஐரோலி அதற்கு மிகவும் பிந்திய குடியேற்றம். 1970-ல் ஏற்பட்ட சிட்கோ நிறுவனம் தாணே கடற்கழியின் கீழ்க்கரையில் திட்டமிட்டு உருவாக்கிய நவி மும்பையின் வடகோடியில் உள்ளது இவ்வூர்; முலுண்டையும் இதையும் இணைக்கும் பாலம் 1999-ல் திறக்கப்பட்ட பின்னர், தாராவி, மாட்டுங்கா, செம்பூர் முதலிய பழைய தமிழ்ப் பேட்டைகளில் இடம் போதாமல் நெருக்குண்ட குடும்பங்களுள் பல, மதபேதமின்றி, இக்கரைக்கு வந்து சேர்ந்தன. இங்கே வளரும் ஒரு தமிழ்ப் பிள்ளை வீட்டில் தமிழ் பேசுகிறது; கட்டடத்து முற்றத்தில் விளையாடும்போது ஹிந்தி பேசுகிறது; பள்ளியில் ஆங்கிலத்தில் பாடம் கேட்கிறது; மகாராஷ்டிர அரசின் 2020-ஆம் வருஷத்துச் சட்டப்படி மராத்தியையும் கட்டாயமாகக் கற்கிறது; மாலையில் ஓதப் போகும் இடத்தில் உஸ்தாத் உருது பேசுகிறவராக இருந்தாரானால், அரபிச் சொல்லின் அர்த்தம் உருதில் விளக்கப்படுவதையும் கேட்டுக்கொள்கிறது. ஆக, அரபி அதற்கு ஆறாவது பாஷையாக வருகிறது என்பது மட்டுமல்ல, அரைகுறையாகத் தெரிந்த ஐந்தாவது பாஷையின் தோள்மேல் ஏறிக்கொண்டு வருகிறது. 'மிஃப்தாஹ்' என்ற அரபிச் சொல்லை உருதில் சொல்லி, அதை ஹிந்தியாக உணர்ந்து, பிறகு தமிழில் சாவி என்று தெளிவதற்குள் பேச வேண்டிய சமயம் கடந்துவிடுகிறது. ஒரு சாவியின் படத்தைக் காட்டினால் இத்தனை வாயில்களையும் கடக்க வேண்டியதில்லை. படத்துக்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதங்களில், இந்த ஊரைப் பொறுத்தவரையில், இதுவே முதன்மையானது என்பது என் அபிப்பிராயம்.

படத்தைக் கொண்டு பாஷை கற்பிக்கும் யோசனை புதியதன்று. மொராவிய தேசத்துக் கல்விமானாகிய கொமீனியஸ், 1658-ல் நூரெம்பெர்க் நகரில் வெளியிட்ட சித்திர உலகம் என்னும் நூலில், உலகத்துப் பொருள்களையெல்லாம் நூற்றைம்பது அத்தியாயங்களாக வகுத்து, ஒவ்வொன்றுக்கும் மரச்செதுக்குப் படம் அமைத்து, படத்தில் உள்ள உறுப்புகளுக்கு எண் கொடுத்து, அந்த எண்களுக்கு நேராக லத்தீனும் ஜெர்மனுமாகச் சொற்களை எழுதி வைத்தார். புலன்களின் வழியாக வராத எதுவும் அறிவில் நிலைபெறாது என்பது அவருடைய சித்தாந்தம். அதன் வழித்தோன்றலே நம் தமிழ்ப் பாலபாடங்களில் வரும் அணிலும் ஆடும் இலையும் ஈயும். இருபதாம் நூற்றாண்டில் ரிச்சர்ட்ஸ், கிப்ஸன் என்ற கல்வியாளர் இருவர் கோட்டுருவ மனிதர்களை வைத்து ஆங்கிலம் கற்பிக்கும் நூலை 1945-ல் வெளியிட்டு, அந்த முறையையே எபிரேயம் உட்பட வேறு பாஷைகளுக்கும் விரித்தார்கள். எபிரேயம் அரபியின் நெருங்கிய சகோதர பாஷை ஆதலால், அங்கே பலித்தது இங்கேயும் பலிக்கும் என்று கொள்ள இடமுண்டு. சொல்லும் உருவமும் மனத்தில் இரண்டு வழிகளாகப் பதிகின்றன என்றும், இரண்டும் சேர்ந்து பதிந்தவை எளிதில் ஞாபகத்துக்கு வருகின்றன என்றும் கனடா தேசத்து மனோதத்துவ அறிஞர் ஆலன் பைவியோ 1971-ல் வகுத்துக் காட்டியது, பழைய அனுபவத்துக்குக் கிடைத்த சாஸ்திர ஆதாரமாகும்.

ஆனால் அரபிக்கும் படத்துக்கும் ஆகாது என்ற ஓர் எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. உயிருள்ளவற்றின் உருவத்தை வரைவது மார்க்கத்துக்கு விரோதம் என்று கருதும் ஆலிம்கள் பலர் இருப்பதால், மக்தபின் சுவரில் மனிதரும் மிருகமும் உள்ள அட்டையை மாட்டுவதற்குப் பல இடங்களில் தயக்கம் உண்டு. இந்தத் தயக்கத்தை அறியாமை என்று தள்ளிவிடுவது சரியல்ல. அது ஒரு நீண்ட சமய விவாதத்தின் ஒரு பக்கம். மறுபக்கத்தில், அன்னை ஆயிஷா அவர்கள் சிறு பிராயத்தில் பொம்மைகள் வைத்து விளையாடியதைக் கூறும் ஹதீஸை ஆதாரமாகக் கொண்டு, குழந்தைகளின் விளையாட்டுக்கும் கல்விக்கும் விலக்கு அளித்த சட்ட அறிஞர்களும் உண்டு. சரித்திரமோ இன்னும் சுவையானது. நம் பஞ்சதந்திரம் பஹ்லவி பாஷை வழியாகப் பாரசீகம் சென்று, எட்டாம் நூற்றாண்டில் இப்னுல் முகஃப்பஃ என்பவரால் 'கலீலா வ திம்னா' என அரபியாக்கப்பட்டபோது, அந்நூலின் நோக்கங்களுள் ஒன்றாக, மிருகங்களின் உருவங்களைப் பலவித வர்ணங்களில் காட்டி அரசர்களின் உள்ளத்தை மகிழ்விப்பதையும் அவர் தம் முன்னுரையில் எடுத்துச் சொன்னார். அதற்கேற்பப் பிற்காலத்தில் அதன் ஏட்டுப் பிரதிகள் சித்திரங்களோடு எழுதப்பட்டன. இந்திய மதரசாக்களின் பாடத்திட்டத்தில் நெடுங்காலம் இடம்பெற்ற ஹரீரியின் மகாமாத் என்னும் சொல்லலங்கார நூலை எடுத்துக்கொண்டால், அல்வாஸிதி என்பவர் 1237-ல் எழுதிச் சித்திரம் தீட்டிய அதன் பிரதி ஒன்று பாரீஸ் நகரத்துத் தேசிய நூலகத்தில் பாதுகாக்கப்படுகிறது; அந்தச் சித்திரங்களுள் ஒன்று, ஹிம்ஸு நகரத்து உபாத்தியாயர் ஒருவர் தம் எதிரே சிறுவர்களை உட்கார்த்தி வைத்துக்கொண்டு பாடம் நடத்தும் காட்சி. அரபிப் பள்ளிக்கூடத்தையே அரபி நூலொன்று படமாக எழுதி வைத்திருக்கையில், படம் அரபிக்கு அந்நியம் என்று சொல்வது பொருந்தாது. அப்படியும் மனம் ஒவ்வாத உஸ்தாத்மார்களுக்கு வழியில்லாமற் போகவில்லை: வீடு, கதவு, மரம், மழை, ரயில், சோறு, கடிகாரம் என்று உயிரில்லாதவற்றையும் தாவரங்களையும் வைத்துக்கொண்டே ஒரு வருஷப் பாடத்தைத் தாராளமாக நடத்தலாம், மனிதர் வேண்டிய இடத்தில் முகக்குறி இல்லாத கோட்டுருவம் போதும்.

அரபிப் பேச்சுக்குப் படத்தைத் துணைக்கொண்டவர்களில் நாம் பெருமையோடு நினைக்க வேண்டியவர் ஒரு தமிழ்நாட்டுக்காரர். வாணியம்பாடியில் 1933-ல் பிறந்து, 1969 முதல் மதீனா இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றி, 2023-ல் காலமான டாக்டர் வி. அப்துர் ரஹீம், அரபியைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்களுக்கென்று மூன்று பாகங்களில் எழுதிய பாட நூல், 'மதீனா புத்தகம்' என்ற செல்லப்பெயரோடு உலகமெங்கும் வழங்குகிறது. அதன் முதற் பாடத்தைத் திறந்தால் நம் கண்ணில் படுவன சில எளிய கோட்டுச் சித்திரங்கள்: ஒரு வீடு, ஒரு பள்ளிவாசல், ஒரு கதவு, ஒரு புத்தகம், ஒரு பேனா. அவற்றின் கீழே 'ஹாதா பைத்', 'ஹாதா மஸ்ஜித்' என்று இரண்டிரண்டு சொற்கள். பிறகு கேள்வி: 'மா ஹாதா?' அதாவது இது என்ன. பிறகு இன்னும் ஒரு படி: ஒரு நாற்காலியின் படத்தைக் காட்டி, இது கட்டிலா என்று வேண்டுமென்றே தப்பாகக் கேட்பது, அல்ல, இது நாற்காலி என்று மாணவன் மறுத்துச் சொல்வது. இரண்டாவது பாடத்தில் அருகிலுள்ளதும் தொலைவிலுள்ளதும் பிரிகின்றன. மொழிபெயர்ப்பு எங்கும் இல்லை. இலக்கண விளக்கம் முதலில் வருவதில்லை. படமும் சொல்லும் கேள்வியும் மட்டுமே.

இந்த முறை தமிழ்ப் பிள்ளைக்கு மற்றவர்களைக் காட்டிலும் அனுகூலமாக இருப்பதை யாரும் அதிகமாகக் கவனித்ததாகத் தெரியவில்லை. இது வீடு என்று சொல்லும்போது தமிழ் எவ்வாறு 'இருக்கிறது' என்ற வினையை வேண்டுவதில்லையோ, அவ்வாறே அரபியும் வேண்டுவதில்லை. ஆங்கிலம் வழியாகவோ உருது வழியாகவோ அரபிக்குப் போகும் பிள்ளை, அந்தப் பாஷைகளின் துணைவினையைத் தேடி நடுவழியில் நின்றுவிடுகிறது. தமிழிலிருந்து நேரே போகும் பிள்ளைக்கு அந்தத் தடையே இல்லை. படம் இடைப் பாஷைகளை விலக்கிவிட்டால் இந்த இயற்கை ஒற்றுமை தானாக வேலை செய்யத் தொடங்குகிறது.

ஆனால் ஒற்றுமை இவ்விடத்தோடு நின்றுவிடுகிறது. தமிழில் உயிரற்ற பொருள் யாவும் அஃறிணை. இது, அது என்ற சுட்டே போதும். அரபியிலோ சூரியன் பெண்பால், சந்திரன் ஆண்பால். கதவு ஆண், ஜன்னல் பெண். சூரியனின் படத்தை எவ்வளவு அழகாக வரைந்து காட்டினாலும் அது பெண்பால் என்பதை எந்தச் சித்திரக்காரனாலும் காட்ட முடியாது. இங்கே படத்தின் உட்பொருள் உதவாது. அதன் சட்டம்தான் உதவும். ஆண்பாற் பொருள்களை ஒரு நிறச் சட்டத்துக்குள்ளும் பெண்பாற் பொருள்களை வேறு நிறச் சட்டத்துக்குள்ளும் வரைந்து, பச்சைச் சட்டம் வந்தால் 'ஹாதா', சிவப்புச் சட்டம் வந்தால் 'ஹாதிஹி' என்று ஒரு மாதம் பழக்கிவிட்டால், விதியைச் சொல்லாமலே குழந்தையின் நாக்கு விதியைப் பிடித்துக்கொள்ளும். அரபியில் இரண்டுக்கென்று தனியே உள்ள இருமை விஷயத்தில் படம் நேராகவே பயன்படும்: ஒரு கோப்பை, இரண்டு கோப்பை, ஐந்து கோப்பை என்று மூன்று அட்டைகளை வரிசையாக வைத்தால், ஒருமை பன்மை என்ற இரண்டே எண்களை அறிந்த தமிழ்ப் பிள்ளைக்கு நடுவில் ஒரு தனி இடம் இருப்பது கண்ணுக்கே தெரிந்துவிடுகிறது. பெரிய வீடு என்று நாம் அடைமொழியை முன்னே வைக்க, அரபி அதைப் பின்னே வைக்கிறது என்பதோ எந்தப் படத்திலும் இல்லாத செய்தி. அது காதால் கேட்டுக் கேட்டு வர வேண்டியது.

அப்துர் ரஹீம் அவர்களின் நூல் பெரியவர்களுக்காக எழுதப்பட்டது. ஆகையால் சில பாடங்கள் சென்றதும் சித்திரங்கள் குறைந்து இலக்கணம் ஓங்குகிறது. குழந்தைகளுக்கு அதை அப்படியே எடுத்துக் கற்பிக்கும் உபாத்தியாயர்கள் முதல் ஆறேழு பாடங்களின் உல்லாசத்துக்குப் பிறகு தடுமாறுவதற்குக் காரணம் அதுவே, நூலின் குற்றமன்று. ரியாத் நகரிலிருந்து வந்த 'அல்அரபிய்யா பைன யதைக்' வரிசையும், அதன் வழியில் சிறுவர்களுக்கென அமைந்த நூல்களும் இந்தக் குறையை ஓரளவு போக்குகின்றன. அவற்றில் ஒவ்வொரு பாடமும் படத்தோடு கூடிய ஓர் உரையாடலாகத் தொடங்குகிறது.

இத்தனையும் சொன்ன பிறகு, படம் காட்டினால் குழந்தை பேசிவிடுமா என்ற மூலக் கேள்விக்கு வர வேண்டும். இதற்கு விடை தேட நாம் அரபு நாட்டுக்குப் போக வேண்டியதில்லை. நம் சென்னை ராஜ்யத்திலேயே பெரிய அளவில் ஒரு பரீட்சை நடந்திருக்கிறது, அது ஆங்கிலத்தைப் பற்றியதாயினும். 1950-களின் பிற்பகுதியில் அங்கே ஆரம்பப் பாடசாலை உபாத்தியாயர்களை ஆயிரக்கணக்கில் திரட்டி, அமைப்பு முறை என்று வழங்கிய புதிய வழியில் ஆங்கிலம் கற்பிக்கப் பயிற்சி அளித்தார்கள். கரும்பலகையில் தீக்குச்சி மனிதர்களை வரைவது, சட்டைப்பையில் பட அட்டைகளை வைத்துக்கொள்வது, பொருளைக் கையில் எடுத்துக் காட்டி வாக்கியத்தைச் சொல்வது ஆகியவை அந்தப் பயிற்சியின் அங்கங்கள். விளைவு என்ன? மொழிபெயர்ப்பு குறைந்தது, உச்சரிப்பு திருந்தியது, பிள்ளைகள் வகுப்பில் வாய் திறந்தார்கள். ஆனால் திறந்த வாயிலிருந்து வந்தது, இது புத்தகம், அது பந்து, அவன் ஓடுகிறான் என்ற உரத்த கோஷ்டி கானமே. உபாத்தியாயர் கையில் புத்தகத்தை வைத்துக்கொண்டு இது என்ன என்று கேட்கும்போது, அது புத்தகம் என்பது அவருக்கும் தெரியும், கேட்கப்படும் பிள்ளைக்கும் தெரியும், பக்கத்திலிருக்கும் நாற்பது பேருக்கும் தெரியும். யாருக்கும் தெரியாத ஒன்று அங்கே இல்லாதபோது சொல்வதற்கு என்ன இருக்கிறது?

இந்தக் குறையை உணர்ந்துதான் ஆங்கிலக் கல்வியாளர் என்.எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை தென்னிந்தியப் பள்ளிகள் சிலவற்றில், பெங்களூர்த் திட்டம் என்று பிற்பாடு உலகப் பிரசித்தி பெற்ற பரிசோதனையை நடத்தினார். அவரும் படங்களையும் வரைபடங்களையும் ரயில் கால அட்டவணைகளையும்தான் வகுப்புக்குக் கொண்டுவந்தார். ஆனால் அவற்றை வேறு விதமாகப் பயன்படுத்தினார். ஒருவனிடம் உள்ள செய்தி இன்னொருவனிடம் இல்லாதபடி அவற்றைப் பங்கிட்டார். அல்லது படத்தில் நேராகத் தெரியாத ஒன்றைத் தெரிந்ததிலிருந்து ஊகித்துச் சொல்லும்படி வேலை கொடுத்தார். பிள்ளையின் கவனம் வாக்கியத்தின் மேல் இல்லாமல் விடுவிக்க வேண்டிய கணக்கின் மேல் இருந்தது. வாக்கியம் அதற்குக் கருவியாக வந்தது. அரபி கற்பிக்கப் படத்தை எடுத்துக்கொள்வோர் அனைவரும் இந்த வரலாற்றை அறிந்துகொண்டால், அரை நூற்றாண்டுக்கும் முன்பு ஆங்கிலத்தில் நாம் செய்த அதே பிழையை அரபியிலும் செய்யாதிருக்கலாம். எல்லாவற்றையும் காட்டிவிடும் படம் பெயர் சொல்வதற்கு மட்டுமே உதவும். ஏதோ ஒன்றை ஒளித்து வைத்திருக்கும் படமே கேள்வியை எழுப்பும். கேள்வி எழுந்த பிறகே சம்பாஷணை.

ஒளித்து வைப்பதென்றால் பெரிய தந்திரம் ஒன்றும் வேண்டியதில்லை. ஒரே அறையின் இரண்டு படங்களில் ஐந்து வித்தியாசங்களை அமைத்து, இரு பிள்ளைகளிடம் ஒன்றொன்றாகக் கொடுத்து, ஒருவர் படத்தை மற்றவர் பார்க்காதபடி உட்காரச் செய்தால், உன் மேஜையின் மேல் என்ன இருக்கிறது, என் மேஜையின் கீழே பூனை இருக்கிறது என்று பேசித்தான் அவர்கள் வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க முடியும். 'ஃபவ்க', 'தஹ்த', 'அமாம' என்ற இடச்சொற்கள் அத்தனையும் அந்தக் கால் மணி நேரத்தில் நூறு தடவை வந்துவிடும். ஒரு கதையின் நான்கு படங்களில் மூன்றைக் காட்டி நான்காவதைக் கவிழ்த்து வைத்தாலும் அப்படியே. தொடர் படங்களுக்கு இன்னொரு நற்குணம் உண்டு: முதற் படத்தில் ஏதோ ஒரு பூனை வருகிறது, இரண்டாவதில் அந்தப் பூனையே வருகிறது என்னும்போது, தமிழில் இல்லாத 'அல்' என்ற முன்னொட்டின் பிரயோஜனம் விளக்கமின்றி விளங்கிவிடுகிறது.

படத்தால் ஆகாதவையும் உள. ஒலி அவற்றில் முதன்மையானது என்று பலர் சொல்வார்கள். நான் அதை ஒப்புக்கொள்ளத் தயங்குகிறேன். தமிழ் நாவுக்கு இயல்பில்லாத அய்ன், ஹா, காஃப், ஸாத் முதலிய எழுத்துகளைப் பிறப்பிடம் அறிந்து ஒலிக்கும் பயிற்சி மக்தப் பிள்ளைக்கு நூரானி காயிதா என்னும் அரிச்சுவடியிலேயே கிடைத்துவிடுகிறது. இதயத்தைக் குறிக்கும் சொல்லையும் நாயைக் குறிக்கும் சொல்லையும் ஓர் எழுத்தின் ஒலி வேற்றுமையால் பிரித்து உச்சரிக்கும் திறமை ஏழு வயதுப் பிள்ளைக்கு இருக்கிறது. பல்கலைக்கழகத்தில் புதிதாக அரபி கற்கவரும் இளைஞர் இதற்காக மாதக்கணக்கில் தொண்டையை வருத்திக்கொள்வதைப் பார்க்கிறோம். ஆகவே பேச்சுக்கு வேண்டிய உடலுறுப்புப் பயிற்சி முழுவதும் முடிந்த நிலையில், பேசுவதற்குச் சந்தர்ப்பம் மாத்திரமே இல்லாதவர்களாக நம் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஓதலையும் பேச்சையும் ஒன்றுக்கொன்று எதிரியாக நிறுத்துவோர் இந்த ஆஸ்தியைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

எந்த அரபி என்பது இன்னொரு சங்கடம். எழுத்து அரபியும் பேச்சு அரபியும் ஒன்றிலிருந்து ஒன்று வெகுதூரம் விலகி நிற்பதை அமெரிக்க மொழிநூலார் ஃபெர்குஸன் 1959-ல் இரட்டை வழக்கு என்று வகைப்படுத்தினார். செந்தமிழும் கொடுந்தமிழும் அறிந்த நமக்கு அது புதுமையன்று, தமிழும் அவர் பார்வைக்குத் தப்பவில்லை. ஒரு ரொட்டியின் படத்தைக் காட்டினால் செவ்வியல் அரபியில் 'குப்ஸ்'. வளைகுடாவிலிருந்து திரும்பிய நம்மவர் வாயில் குப்பூஸ். எகிப்தியர் அதையே 'அய்ஷ்' என்பார். குவைத்திலும் பஹ்ரைனிலும் 'அய்ஷ்' என்றால் சோறு. ஆரம்பப் பள்ளியில் பொதுவான செவ்விய வழக்கையே கொள்வதுதான் உசிதம். குர்ஆனோடு தொடர்பு அறாமலிருக்க அதுவே வழி. வட்டார வழக்கை அந்தந்த நாட்டுக்குப் போகிறவன் ஆறு மாதத்தில் பிடித்துக்கொள்வான்.

பிற இடங்களில் நடப்பதையும் சுருக்கமாகப் பார்க்கலாம். கேரளத்தில், சீர்திருத்தவாதி வக்கம் மௌலவி முதலியோர் திருவிதாங்கூர் காலத்தில் செய்த முயற்சியின் பலனாக அரபி அரசுப் பள்ளிகளுக்குள்ளேயே நுழைந்தது. அரபி ஆசிரியர்கள் சம்பந்தமாக 1980-ல் மலப்புறத்தில் நடந்த கிளர்ச்சியில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டுக்கு மூவர் பலியானது, அந்தப் பாடத்தில் அங்கே ஜனங்களுக்கு உள்ள பற்றைக் காட்டும். இன்று அங்கே முதல் வகுப்பு அரபிப் புத்தகம் வண்ணப் படங்கள் நிறைந்தது. பள்ளிக் கலைவிழாக்களில் அரபி சம்பாஷணைக்கென்று தனிப் போட்டியே உண்டு. பேசினால் பரிசு என்ற அந்த ஏற்பாடு, படங்களைக் காட்டிலும் அதிக வேலை செய்திருக்கும் என்று ஊகிக்கிறேன். இலங்கையில், கொழும்பு ஸாஹிராக் கல்லூரி 1892-ல் தொடங்கப்பட்ட காலத்திலிருந்தே, கல்வி முன்னோடி சித்தி லெப்பை போன்றோரின் தூண்டுதலால், அரபியை நவீனக் கல்வியோடு இணைக்கும் எண்ணம் வளர்ந்து, முஸ்லிம் பாடசாலைகளில் மௌலவி ஆசிரியர் வாயிலாக அரபி ஒரு பாடமாக நிலைத்துவிட்டது. மலேசியாவில் 2005-ல் தொடங்கிய ஜே-காஃப் திட்டம் தேசியப் பள்ளிகளின் முஸ்லிம் மாணவர்க்கு, அங்குள்ள தமிழ் முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகள் உட்பட, ஆரம்ப வகுப்பிலேயே அரபியைக் கொண்டுவந்தது. ஐக்கிய அரபு அமீரகத்திலோ தனியார் பள்ளிகளில் பயிலும் வெளிநாட்டுப் பிள்ளைகள் ஒன்பதாம் வகுப்பு வரை அரபி கற்றே தீர வேண்டும். துபாயிலும் ஷார்ஜாவிலும் உள்ள இந்தியப் பள்ளிகளில் தமிழ்ப் பிள்ளைகள், இந்துக்களும் கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களுமாக, படப் புத்தகத்தையும் மின்திரையையும் வைத்துக்கொண்டு அரபி கற்கிறார்கள். படங்களுக்கு அங்கே பஞ்சமேயில்லை. அப்படியிருந்தும் துபாய்ப் பள்ளி ஆய்வாளர்களின் அறிக்கைகளில், பிற மொழியினருக்கான அரபி மற்றப் பாடங்களைக் காட்டிலும் பின்தங்கியதாகவே ஆண்டுதோறும் சுட்டப்பட்டு வந்திருக்கிறது. வாசலைத் தாண்டினால் ஆங்கிலமும் ஹிந்தியும் மலையாளமும் போதும் என்றிருக்கும் ஊரில், அரபியில் பேசியே ஆக வேண்டிய காரியம் குழந்தைக்கு ஒன்றும் இல்லை.

இனி நம் ஊருக்கு வருவோம். அரபு நாட்டிலிருந்து வரும் பாடநூல்களின் படங்களில் ஈச்சமரமும் ஒட்டகமும் நீண்ட வெள்ளை அங்கியணிந்த தகப்பனாரும் கம்பளம் விரித்த கூடமும் வருகின்றன. அவற்றைப் பார்ப்பதில் குழந்தைக்கு ஓர் ஆச்சரியம் உண்டு. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் பேச்சு என்பது தன் வாழ்வைப் பற்றியே முதலில் எழும். ஐரோலிப் பிள்ளை நாள்தோறும் காண்பது ஏழு மாடிக் கட்டடம், பழுதாகி நிற்கும் லிஃப்ட், செக்டர் எண் எழுதிய பலகை, தாணே–பேலாப்பூர் சாலையின் லாரிகள், வடாபாவ் வண்டி, ஜூன் மாதம் இறங்கினால் செப்டம்பர் வரை விடாத மழை, ரயில் நிலையத்து நடைமேடை. கடற்கழிக் கரையின் அலையாத்திக் காட்டில் குளிர்காலந்தோறும் பூநாரைகள் செந்நிறமாக வந்து இறங்குகின்றன. 2015-ல் அந்தக் கழியின் ஒரு பகுதியைப் பூநாரைச் சரணாலயமாக அறிவித்தார்கள். அரபியில் அப்பறவைக்கு 'நுஹாம்' என்று பெயர். பாரசீக வளைகுடாவின் உப்பங்கழிகளிலும் அது உண்டு. ஒட்டகத்தைப் பற்றி ஒரு வாக்கியம் சொல்லத் தெரியாத பிள்ளை, தான் கண்ட அந்தப் பறவையின் கால் எவ்வளவு நீளம், எத்தனை வந்திருந்தன, யாரோடு போய்ப் பார்த்தது என்று சொல்ல வாயெடுக்கும். அந்தச் சமயத்தில் வேண்டிய சொல்லை உஸ்தாத் கொடுத்தால் அது என்றைக்கும் மறக்காது.

பிரபுவின் ரயில் அட்டவணையை இங்கே அப்படியே எடுத்தாளலாம். தாணேயிலிருந்து வரும் வழியிலுள்ள ஐரோலி, ரபாலே, கன்சோலி, கோபர் கைர்ணே முதலிய நிலையங்களின் பெயர்களை எழுதி, ஓர் அட்டையில் சில நேரங்களையும் மற்றோர் அட்டையில் மீதி நேரங்களையும் குறித்துப் பங்கிட்டால், 'அல்கிதார்' எப்போது வரும், எங்கே நிற்கும் என்று ஒருவரையொருவர் அரபியில் விசாரிக்காமல் அட்டவணை பூர்த்தியாகாது. எண்ணும் மணியும் கேள்விச்சொல்லும் ஒரே விளையாட்டில் வந்துவிடுகின்றன. உயிருள்ளவற்றின் உருவம் ஒன்றுகூட அதில் இல்லை. இப்படங்களை யார் வரைவது என்ற கேள்விக்கு, பிள்ளைகளே வரையட்டும் என்பேன். தன் வீட்டைத் தானே கிறுக்கிக் கொண்டுவந்த குழந்தைக்கு அந்தக் கிறுக்கலில் எது கதவு, எது ஜன்னல் என்று மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டிய நிர்ப்பந்தம் தானாக ஏற்படுகிறது. கடையில் விலைக்கு வாங்கிய பளபளப்பான அட்டையில் அந்த நிர்ப்பந்தம் இல்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக உபாத்தியாயரின் சொந்தப் பேச்சு இருக்கிறது. மத நூல்களில் ஆழ்ந்த புலமையுடைய ஆலிம்சாக்களே, ஓர் எட்டு வயதுப் பிள்ளையிடம் அரபியில் ஐந்து நிமிஷம் தொடர்ந்து அளவளாவும் பழக்கம் தமக்கு இல்லாததால் கூசுகிறார்கள். நஹ்வு, ஸர்ஃபு என்னும் இலக்கணங்களை ஓதிய பத்து வருஷத்தில் யாரும் அவர்களிடம் மழை பெய்கிறதா என்று அரபியில் கேட்டதில்லை. அவர்களுக்கு அட்டைக் கட்டு வாங்கிக் கொடுப்பதைவிட, வாரத்துக்கு ஒரு மாலை தங்களுக்குள் அரபி மட்டுமே பேசி, பிள்ளைகளிடம் கொடுக்கவிருக்கும் அதே படங்களை வைத்துக்கொண்டு தாமே அந்த விளையாட்டை ஆடிப் பார்க்கும்படி ஓர் ஏற்பாடு செய்வது முந்திச் செய்ய வேண்டிய காரியம். அதன் பின்பு வருஷக் கடைசிப் பரீட்சையில், எழுத்தும் ஓதலுமாக இருக்கும் நூறு மதிப்பெண்ணிலிருந்து இருபதைப் பிரித்தெடுத்து, முன்பின் பார்த்திராத ஒரு படத்தை முன்னே வைத்து இரண்டு பிள்ளைகள் தங்களுக்குள் பேசுவதற்கென்று ஒதுக்கிவிட்டால், மீதி மாற்றங்களைப் பெற்றோரே கேட்டு வாங்கிக்கொள்வார்கள்.